முதல் வாடகை வீடு: காசு கொடுக்க முன்னர் போட வேண்டிய கணக்கு

வெளிநாட்டில் பத்துப் பதினைந்து வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான். "கையில கொஞ்சம் காசு இருக்கு. வட்டிக்குப் போட ஏலாது. கடை போட்டு நடத்தவும் தெரியாது. ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டா என்ன?"

நல்ல கேள்வி. ஆனால் இதைக் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் காணித் தரகரிடம் பேசிவிட்டு, சில வேளை முற்பணமும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்குப் பிறகு ஆலோசனை சொல்வதில் பெரிய பயன் இல்லை. ஆகவேதான் காசு இன்னும் வங்கியில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் தொழிலால் கணக்கு எழுதுபவன். கிழக்கில் எனது ஊரிலே இரண்டு சிறிய வீடுகளையும் நான்கு போர்டிங் அறைகளையும் பதினான்கு வருடங்களாக வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். பெரிய முதலாளிகளின் தொடர்மாடி வியாபாரம் பற்றி இங்கு பேசவில்லை. ஒரு குடும்பம் தனது சேமிப்பை வைத்து மாதம் இருபதாயிரம், முப்பதாயிரம் நிரந்தரமாகப் பெறுவது எப்படி என்பதே விடயம்.

முதலில் கணக்கு. எமது ஊர்களில் வீடு வாங்கும்போது எல்லோரும் விலையைப் பற்றிப் பேசுவார்கள், வாடகையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஓர் உதாரணம் சொல்கிறேன். நகரத்தில் ஒரு வீடு ஒரு கோடி இருபது இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 40,000. வருடத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். அதாவது போட்ட காசில் 4 வீதம். இது கையில் நிற்கும் தொகை அல்ல. ஒருவர் போய் இன்னொருவர் வரும் இடைவெளியில் வருடத்தில் ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்று எடுங்கள், 40,000 போய்விட்டது. வர்ணம், கூரை, குழாய், மோட்டர் என்று வருடத்துக்குச் சராசரி 60,000. சோலைவரியும் சில்லறைச் செலவுகளும் 10,000. மிஞ்சுவது 3 இலட்சத்து 70 ஆயிரம். மூன்று வீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இனி இன்னொரு கணக்கு. ஏற்கனவே குடியிருக்கும் வீட்டின் மேல்மாடியில், வெளிப்படிக்கட்டோடு, இரண்டு அறையும் குசினியும் குளியலறையுமாக ஓர் அனெக்ஸ் கட்டுகிறீர்கள். 45 இலட்சம் முடிகிறது. வாடகை 25,000. வருடத்துக்கு மூன்று இலட்சம். ஒரு மாத வெற்றிடத்துக்கு 25,000, திருத்தச் செலவுக்கு 25,000 கழித்தால் இரண்டரை இலட்சம் மிஞ்சும். ஐந்தரை வீதம். காணிக்கு ஒரு சதம் கூடக் கொடுக்கவில்லை என்பதுதான் இங்குள்ள வித்தியாசம்.

மூன்றாவது, வாப்பா காலத்துப் பழைய வீடொன்று பூட்டிக் கிடக்கிறது. ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ பேராதனைக்கோ பக்கமாக இருந்தால் மாணவர்கள் அறை தேடி வருவார்கள். 15 இலட்சம் செலவழித்து நான்கு அறைகளும் இரண்டு குளியலறைகளும் ஒழுங்குபடுத்துகிறீர்கள். அறைக்கு 8,000. விடுமுறைக் காலத்தைக் கழித்துப் பத்து மாதம் என்று எடுத்தால் 3 இலட்சத்து 20 ஆயிரம். தண்ணீர், மின்சாரம், திருத்தம் எல்லாம் போக இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் நிற்கலாம். போட்ட பதினைந்து இலட்சத்துக்குப் பதினாறு வீதம். வீட்டின் பெறுமதியை இதில் சேர்க்கவில்லைதான். ஆனால் பூட்டிக் கிடந்த வீடு அதுவரை எதுவும் தரவில்லையே.

இலக்கங்கள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். எனது அனுபவத்தில் வரிசை மட்டும் அதிகம் மாறுவதில்லை. புதிதாகக் காணியோடு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதுதான் மிகக் குறைந்த வருமானம் தருவது. இருப்பதைத் திருத்தி அல்லது இருப்பதன் மேல் கட்டி வாடகைக்கு விடுவதே சிறிய முதலீட்டாளருக்கு உகந்த ஆரம்பம். தரகர் இதைச் சொல்ல மாட்டார். அதில் அவருக்குக் கொமிஷன் இல்லை.

"காணி விலை ஏறுமே" என்று உடனே கேட்பீர்கள். ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, வங்கியில் கிடந்த காசு கரைந்ததையும் காணி வைத்திருந்தவர் தாக்குப் பிடித்ததையும் எல்லோரும் பார்த்தோம். ஆனால் விலையேற்றம் என்பது விற்றால்தான் காசு. பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் வாங்கினேன், விற்கவே மாட்டேன் என்பவருக்கு அது காகிதத்தில் உள்ள இலாபம். மாதச் செலவுக்கு வாடகைதான் வரும்.

இங்கே கிழக்கு மாகாணத்தவர்களுக்கு மட்டும் ஒரு விடயம். காத்தான்குடி முதல் பொத்துவில் வரை பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்டத் தொடங்கிவிடுகிறோம். சீதன வீட்டு வழக்கத்தின் சரி பிழையை இங்கு விவாதிக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆனால் கட்டி முடித்த வீடு, பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே தயாராகி, அடுத்த எட்டுப் பத்து வருடங்கள் பூட்டிக் கிடப்பதை ஒவ்வொரு வீதியிலும் பார்க்கிறேன். "குமருக்குக் கட்டின ஊட்ல வேற ஆக்கள வைக்கிறதா?" என்று உம்மாமார் கேட்பார்கள். பூட்டிய வீட்டில் கறையான் குடியிருக்கும், மனிதர் இருந்தால் மட்டும் வீடு பழுதாகிவிடுமா? இருபதாயிரம் வாடகையில் எட்டு வருடம் என்றால் பத்தொன்பது இலட்சத்துக்கு மேல். அந்தப் பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவு முழுவதும் அதில் அடங்கும். கலியாணத்துக்கு ஆறு மாதம் முன்னர் வீட்டை மீளப் பெற்று வர்ணம் பூசினால் போதும். ஒழுங்கான உடன்படிக்கை இருந்தால் மீளப் பெறுவது பயப்படும் அளவுக்குக் கடினம் அல்ல. உடன்படிக்கைக்குப் பிறகு வருகிறேன்.

காசு போதாதவர்கள் கடன் பற்றி யோசிப்பார்கள். வட்டிக் கடன் எமக்கு ஹராம் என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை. கணக்காகப் பார்த்தாலும், நாலு வீதம் தரும் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வீத வட்டிக்குக் கடன் எடுப்பவர் ஒவ்வொரு மாதமும் தனது சட்டைப் பையிலிருந்து வீட்டுக்குப் படியளக்க வேண்டும். இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்குகிறது. வேறு சில வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் தனிப்பிரிவுகள் உண்டு. வீட்டுக்கு அவர்கள் பெரும்பாலும் தருவது குறைந்து செல்லும் முஷாரகா. வங்கியும் நீங்களும் சேர்ந்து வாங்குகிறீர்கள், வங்கியின் பங்கை நீங்கள் மாதா மாதம் சிறிது சிறிதாக வாங்குகிறீர்கள், மீதமுள்ள பங்குக்கு வாடகை செலுத்துகிறீர்கள். மார்க்க ரீதியில் வேறுபட்டதுதான். ஆனால் மாதத் தவணை என்ற பாரம் அதிலும் இருக்கிறது. வீடு மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் தவணை நிற்காது. எனவே ஹலால் என்ற காரணத்துக்காக மட்டும் கணக்குப் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். முதல் வாடகை வீட்டைக் கடனில்லாமல், சிறிதாக ஆரம்பியுங்கள் என்பதே எனது கருத்து.

இதோடு ஒட்டிய இன்னொன்று ஒற்றி. ஒருவர் பத்து இலட்சம் தருகிறார், வாடகை இல்லாமல் உங்கள் வீட்டில் இருக்கிறார், இரண்டு வருடத்தில் அதே பத்து இலட்சத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்கிறீர்கள். வாடகைக்கு ஆள் தேடும் தொல்லை இல்லை என்று பலர் இதை விரும்புகிறார்கள். கொடுத்த கடனுக்காகப் பெறும் பயன் வட்டியாகும் என்பது உலமாக்களின் பிரபலமான நிலைப்பாடு. மார்க்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வாங்கிய பத்து இலட்சம் பெரும்பாலும் செலவாகிவிடும். இரண்டு வருடத்தில் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் அடுத்த ஒற்றிக்காரரிடம் பன்னிரண்டு இலட்சம் வாங்கி முதலாமவருக்குக் கொடுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வீடு பெயருக்குத்தான் அவர்களுடையது.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உறுதி. இதில் அவசரப்படுபவருக்காகத்தான் நீதிமன்றங்களில் காணி வழக்குகள் காத்திருக்கின்றன. உறுதியின் போட்டோப் பிரதியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துப் பதிவுகளை உங்கள் நொத்தாரிசைக் கொண்டு தேடச் செய்யுங்கள். விற்பவரின் நொத்தாரிசு அல்ல, உங்கள் நொத்தாரிசு. ஈடு, வழக்கு, சீவிய உரித்து ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பழைய பிளானை நிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பேர்ச்சஸ் என்று எழுதிய இடத்தில் எட்டரை இருப்பது அதிசயமே இல்லை. உள்ளூராட்சி சபையில் தெருக்கோட்டுச் சான்றிதழும், கட்டிடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடமும் இணக்கச் சான்றிதழும் உள்ளனவா என்று கேளுங்கள். நாளைக்கு வங்கிக் கிளை ஒன்றோ நிறுவனமொன்றோ உங்கள் கட்டிடத்தை வாடகைக்குக் கேட்டு வந்தால் முதலில் கேட்பது இந்தக் கடதாசிகளைத்தான்.

கிழக்கிலும் வன்னியிலும் மற்றொரு பொறி அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அரச காணியை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். "எல்லாரும் இப்பிடித்தான் வாங்குறாங்க, ஒரு பிரச்சினையும் வராது" என்று சொல்லி வெள்ளைத்தாளில் எழுதித் தருவார்கள். பிரச்சினை வருவது விற்றவர் மௌத்தாகி, அவரது பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும்போது. விலை பாதிதான் என்றாலும் வாங்க வேண்டாம்.

பிரிக்கப்படாத பங்கும் அப்படித்தான். ஆறு சகோதரர்களின் பொதுச் சொத்தில் ஒருவருடைய பங்கை மலிவாக வாங்கினால் அத்தோடு ஒரு பாகப்பிரிவினை வழக்கையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். எமது வாரிசுரிமை 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் இறங்குரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மார்க்கச் சட்டத்தைத் தழுவியே நடக்கிறது. மனைவி, தாய், பெண் மக்கள் எல்லோருக்கும் பங்குண்டு. "தங்கச்சிமார் கேக்க மாட்டாங்க" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தங்கச்சிமாரும் உறுதியில் ஒப்பமிடட்டும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காசை அனுப்பி நானாவின் பெயரில் உறுதி எழுதச் சொல்லாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருக்கும் மௌத் இருக்கிறது. உறுதி உங்கள் பெயரில் அல்லது மனைவியின் பெயரில் இருக்கட்டும். ஊரிலுள்ளவருக்கு அந்தக் காணிக்கு மட்டும் வரையறுக்கப்பட்ட அற்றோணித் தத்துவம் கொடுத்தால் காரியம் நடக்கும்.

இடம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்கள் ஊரை நீங்கள் அறிவீர்கள். மழைக் காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பது மட்டும் கட்டாயம். அக்குறணை நகரில் பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் என்ன நடக்கும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலையகத்தில் சரிவான காணி என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெற்றே கட்டுங்கள். கரையோரத்தில் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வரம்பு எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுனாமி கண்ட ஊர்களுக்கு அதன் காரணம் தெரியும்.

கொழும்பு போன்ற இடங்களில் ஏற்கனவே ஆள் இருக்கும் பழைய கட்டிடங்கள் மலிவாக விலைக்கு வரும். மலிவுக்குக் காரணம் அந்த ஆள்தான். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற பழைய வாடகைக்காரர் சொற்ப வாடகையோடு தலைமுறை கடந்தும் இருக்கலாம். அவரை எழுப்புவது பற்றி விற்பவர் சொல்லும் எந்த உத்தரவாதத்தையும் நம்பி இறங்க வேண்டாம். ஆரம்பிப்பவருக்கு உரிய சொத்து அல்ல அது.

இனி உடன்படிக்கை. எமது ஊர்களில் இரண்டு விதமாக வீடு கொடுக்கிறோம். ஒன்று, வாய்ப் பேச்சு. மற்றது, கடையில் வாங்கிய தாளில் பெயரை நிரப்பி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடும் "எக்ரிமென்ட்". இரண்டு வருடத்துக்கு என்று அதில் எழுதியிருப்பார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு ஒருவர் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருடக் குத்தகை சட்டத்தில் நிற்காது. நூற்றெண்பது வருடத்துக்கு மேற்பட்ட இந்தச் சட்டத்தை இன்னும் எமது வீட்டுக்காரர்கள் பலர் கேள்விப்படவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த பின்னரும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீளப் பெறுவதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சுருக்கமான வழியைத் திறந்திருக்கிறது. அந்த வழியில் போவதற்கு முறையாக எழுதப்பட்ட குத்தகை உடன்படிக்கை கையில் இருக்க வேண்டும். சீதன வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் பயப்படும் உம்மாமாருக்கு எனது பதில் இதுதான். மேலும், பத்து வருடம் எதிரிடையாக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்று ஆட்சியுரிமைச் சட்டம் சொல்வதால் பலர் வீட்டைக் கொடுக்கவே அஞ்சுகிறார்கள். வாடகைக்காரர் உங்கள் அனுமதியோடு இருப்பவர்; அவர் உங்களை வீட்டுக்காரராக ஏற்று வாடகை தரும் வரை அந்தக் கோரிக்கை எழாது. அதற்குச் சாட்சி உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும்தான். ஆபத்து உண்மையில் வாடகைக்காரரிடம் இல்லை. "பாவம், சொந்தக்காரர்தானே, சும்மா இருக்கட்டும்" என்று கடதாசியும் வாடகையும் இல்லாமல் விட்டுவிட்ட இடங்களில்தான் இருக்கிறது.

உடன்படிக்கையில் என்ன எழுதுவது? வாடகை, காலம், முற்பணம் ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். விடுபடுவதுதான் பின்னர் சண்டையாகிறது. தண்ணீர் மோட்டர் எரிந்தால் யார் செலவு? இரண்டாம் வருடத்தில் வாடகை எவ்வளவு கூடும்? எத்தனை பேர் குடியிருப்பார்கள்? வீட்டில் தொழில் செய்யலாமா? மின் மானியிலும் நீர் மானியிலும் இன்று என்ன இலக்கம் நிற்கிறது? மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் உங்கள் பெயரில் இருப்பதால் அவர் கட்டாமல் போனால் நிலுவை உங்களுடையது. அனெக்ஸ் கட்டும்போதே தனி மானி போடுங்கள். ஒரே மானியில் "பாதி பாதி" என்று ஆரம்பித்த எந்த நட்பும் நான் அறிய ஒரு வருடம் தாண்டவில்லை.

முற்பணத்தை உங்கள் காசு என்று நினைத்து வீட்டுக்கு டைல்ஸ் போட்டுவிடாதீர்கள். அது அமானிதம், போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியது. எமது சமூகத்தில் வாடகைத் தகராறுகளில் அதிகம் கேட்பது வாடகை தராதவர் கதையை அல்ல, முற்பணம் திருப்பித் தராத வீட்டுக்காரர் கதையைத்தான். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

சிலர் வாடகைக்காரர் நொத்தாரிசு உடன்படிக்கை கேட்டாலே சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் அவர் கேட்பது பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்ப்பதற்கு வதிவிடத்தை நிரூபிக்கத்தான். வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்தால் வீடு போய்விடும் என்ற பயமும் வேண்டாம். வாக்காளர் பதிவு வீட்டுரிமை ஆகாது. அதேவேளை, இருக்காத ஒருவருக்கு இருப்பதாகப் பொய்யாக உடன்படிக்கை எழுதிக் கொடுக்கும் உதவியை யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

ஆள் தெரிவில் எனது வழக்கம், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது. அவ்வளவுதான். எங்கள் ஆளா, வேறு ஆளா என்று பார்ப்பதில்லை. 2019 க்குப் பிறகு முஸ்லிம் என்பதற்காக வீடு மறுக்கப்பட்ட அனுபவம் எமது பிள்ளைகள் பலருக்கு உண்டு. அந்த அவமானத்தை அறிந்த நாம் அதையே ஒரு சிங்கள ஆசிரியைக்கோ தமிழ் உத்தியோகத்தருக்கோ செய்வது எப்படி? எனது சின்ன வீட்டில் ஆறு வருடங்களாக இருப்பது மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மாதம் ஐந்தாம் திகதி தாண்டியதில்லை.

வாடகை தவறினால் என்ன செய்வது? முதல் மாதத்திலேயே பேசுங்கள். மூன்று மாதம் மனதுக்குள் வைத்திருந்து வெடிக்க வேண்டாம். நோய், வேலை இழப்பு என்றால் அவகாசம் கொடுப்பது எமக்குக் கற்பிக்கப்பட்டதுதான். ஆனால் தாமதத்துக்கு மேலதிகத் தொகை எழுதிக் கொள்ளாதீர்கள், அது வேறு வாசலால் வரும் வட்டி. பேச்சு முடிந்து, இனி வெளியேறத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து சட்டத்தரணியிடம் போங்கள். மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே எடுத்து வைப்பது எதையும் செய்யக்கூடாது. அப்படிச் செய்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் அவர் வழக்குப் போட்டு அதே வீட்டுக்குள் திரும்பி வருவார். அதன் பிறகு நீங்கள்தான் குற்றவாளி போல் நிற்பீர்கள்.

வரி. பலர் நினைப்பது போல் சிறிய வாடகை வருமானத்துக்கு இது பெரும் பாரம் அல்ல. வதிவுள்ள தனிநபர் தனது மொத்த வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்த, பராமரிப்புச் செலவுக்கென கழித்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல் வருடாந்த தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு மாதம் நாற்பதாயிரம் வாடகை வந்தால் செலுத்த வரி இல்லை. அரச உத்தியோகமோ வியாபாரமோ இருப்பவருக்கு எல்லாம் சேர்த்துக் கணக்கிடப்படும். ஒரு நிறுவனத்துக்குக் கட்டிடம் கொடுத்து மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் அவர்கள் 10 வீத முற்பண வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் கணக்கில் அது வரவு.

ஸகாத் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வாடகைக்கு விட்ட கட்டிடத்தின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை, அதன் வருமானம் கைக்கு வந்து ஒரு வருடம் பூர்த்தியானால் இரண்டரை வீதம் என்று தீர்மானித்தது. விற்று இலாபம் பெறும் நோக்கில் வாங்கிப் போட்ட காணியின் நிலை வேறு. அது வியாபாரப் பொருள். இரண்டுக்கும் இடையில் மனது ஊசலாடுபவர்கள் தமது ஊர் ஆலிமிடம் எண்ணத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று பாக்கி. வாடகை என்பது உரிமையாளர் மௌத்தான பின்னரும் வந்துகொண்டே இருக்கும் வருமானம். அதனால்தான் அது ஆபத்தானதும் கூட. வாப்பா மௌத்தானதும் மூத்த மகன் கடை வாடகையை எடுக்கத் தொடங்குவார், முதலில் உம்மாவின் மருந்துச் செலவுக்கு என்று. உம்மாவும் போன பிறகு அது நின்றபாடில்லை. பதினைந்து வருடம் கழித்து ஒரு சகோதரி கணக்குக் கேட்டால் குடும்பம் இரண்டாகிறது. சொத்தைப் பிரிப்பது தாமதமாகலாம். வாடகையைப் பங்கின்படி பிரிப்பதற்கு நீதிமன்றம் தேவையில்லை, ஒரு கொப்பி போதும்.

எனவே முதல் வாடகையை வாங்கும் நாளிலேயே அந்தக் கொப்பியைத் தொடங்குங்கள். திகதி, தொகை, பற்றுச்சீட்டு இலக்கம், திருத்தச் செலவு. உறுதி, பிளான், உடன்படிக்கை, சோலைவரிச் சீட்டு, முற்பணம் போட்ட வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் ஒரே கோவையில் இருக்கட்டும். யார் முற்பணம் எவ்வளவு தந்திருக்கிறார், அது எங்கே இருக்கிறது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது என்று மனைவிக்கும் பிள்ளைகளில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.